குழாய் போடுவதா என்று அண்ணியைக் கேட்டார்கள்

"அட்டெண்டர் யாரும்மா?" என்று அட்மிஷன் கவுண்டரில் இருந்த பெண் கேட்டார்.

"யாரும் வரலைங்க."

"பேஷண்ட் எங்க?"

"நான்தான்."

அப்போதுதான் அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நோயாளி தானே ஆட்டோவில் வந்து இறங்கி, தானே ஆதார் அட்டையை நீட்டி, தானே நாற்காலி தேடி உட்காருவது அங்கே பழக்கமில்லை போலிருக்கிறது. கூட ஓர் ஆள் இல்லாமல் சேர்க்க முடியாது, ஒரு பெயரும் நம்பருமாவது கொடுங்கள் என்றார். போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ் ஏஜென்சி, ஜெராக்ஸ் கடை, துறைத்தலைவர், பிளம்பர், சபைச் செயலாளர். இவர்களில் யாரை என் ஆள் என்று சொல்வது? மூச்சு வேறு இரைத்தது. 'லூர்து அண்ணி' என்ற பெயரில் விரல் நின்றது. யோசித்துக் கொடுத்தேன் என்று சொன்னால் பொய். அதற்குமேல் தள்ள விரலில் தெம்பில்லை.

லூர்து, மறைந்த என் அண்ணன் சாமுடைய மனைவி. அனகாபுத்தூரில் இருக்கிறார், பல்லாவரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். நாங்கள் பிராட்டஸ்டன்ட், வாத்தியார் குடும்பம். அவர் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர். இந்தக் காலத்தில் இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். என் அம்மாவுக்குச் சாகும்வரை விஷயமாகத்தான் இருந்தது. அம்மாவும் போய் அண்ணனும் போன பிறகு, அண்ணிக்கும் எனக்கும் நடுவில் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நான் கேக் அனுப்புவேன். ஈஸ்டருக்கு அவர் பூப்படம் போட்ட ஒரு வாட்ஸப் அனுப்புவார். அவ்வளவுதான்.

போன் செய்தேன்.

"இன்னா பியூலா, குரல் ஒரு மாதிரி கீது?" என்றார். சொன்னேன். "எந்த ஆஸ்பத்திரி? சரி, அங்கியே குந்து. வரேன்" என்று வைத்துவிட்டார். ஏன், எப்படி, எத்தனை நாளாக என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

என்ன ஆயிற்று என்று இப்போது கல்லூரியில் எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னால் மறுபடி இருமல் வருகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். தனிமரம் தோப்பாகுமா என்று சபையில் கேட்பவர்களிடம், தோப்பாகிறேன் என்று நான் எப்போது சொன்னேன் என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். முன்பெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பில் உப்புநீரும் நல்லநீரும் எப்படிக் கலக்கின்றன என்று சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். கொரோனா காலத்தில் அண்ணன் இறந்தபின் சதுப்பை விட்டு உடம்புக்குள் வந்தேன். கணக்கு கிட்டத்தட்ட அதேதான். வாய்க்காலுக்குப் பதில் தொண்டை, உப்புக்குப் பதில் வைரஸ்.

நம் மூக்கிலும் தொண்டையிலும் ஒரு மெல்லிய ஈரப்படலம் உண்டு. அடியில் தண்ணீர் போல ஓர் அடுக்கு, மேலே பிசுபிசுப்பான சளி அடுக்கு. கண்ணுக்குத் தெரியாத ரோமங்கள் துடுப்புப் போடுவதுபோல அசைந்து அந்தச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் அறியாமலேயே அதை விழுங்கிவிடுகிறோம். மூக்கில் பெருகும் வைரஸ் அந்தச் சளியில் ஏறி வரும். பெரும்பகுதி வயிற்றுக்குப் போய்ச் சாகும். ஆனால் தொண்டையின் பின்பக்கம் தேங்குவதில் துளித்துளியாகக் கொஞ்சம், குறிப்பாகத் தூக்கத்தில், மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலுக்குப் போய்விடும். எவ்வளவு இறங்கும், எவ்வளவு வேகத்தில், எந்தத் திசையில் என்பதைக் கணக்கில் எழுதுவதுதான் என் வேலை. கடைசியில் கணினி ஒரு தொண்டையின் படத்தை வரைந்து காட்டும். வைரஸ் அதிகமுள்ள இடம் சிவப்பு, குறைந்த இடம் நீலம். கருத்தரங்குகளில் அதைக் காட்டினால் எல்லோரும் நாற்காலியில் முன்னால் சாய்ந்து பார்ப்பார்கள்.

இந்த ஞானத்தோடுதான் எனக்குக் காய்ச்சல் வந்தது.

முதலில் மூக்கு ஒழுகியது, பிறகு உடம்பு வலி, பிறகு இருமல். வேறு யாராக இருந்தாலும் ஒரு டாக்டரைப் பார்த்திருப்பார்கள். நான் என் கணக்கைப் பார்த்தேன். படுத்தால்தானே தொண்டைச் சளி நுரையீரலுக்குள் இறங்கும், படுக்காவிட்டால் எப்படி இறங்கும்? கட்டிலை விட்டுவிட்டு ஹாலில் இருந்த மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தேன். தலை சாய்ந்துவிடாமல் இருக்கக் கழுத்துக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். அடிக்கடி எழுந்து பாத்ரூம் போனால் களைப்பாக இருந்ததால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டேன். என் கணினி மாதிரியில் ஈர்ப்புவிசையின் திசை இருந்தது, சரிவின் கோணம் இருந்தது, எல்லாம் இருந்தது. சரியாகத்தான் செய்கிறோம் என்று நம்பினேன். ஒருநாள் காலை செருப்பு மாட்டக் குனிந்தபோது மூச்சு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று ஆட்டோவுக்கு போன் செய்தேன்.

என்னைப் பார்த்த நுரையீரல் டாக்டர் கார்த்திக் இளவயதுக்காரர், முகக்கவசத்துக்கு மேல் தூங்காத கண்கள். நாக்கை நீட்டச் சொன்னார்.

"மேடம், தண்ணி குடிக்கறீங்களா இல்லையா?"

நாற்காலிக் கதையைச் சொன்னேன். கணக்கையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உங்க கணக்குல சளி எவ்ளோ கெட்டியா இருக்கும்?"

"அதை மாறிலின்னு எடுத்துக்குவோம்" என்றேன். மாறிலி என்றால் மாறவே மாறாது என்று நாங்கள் வைத்துக்கொள்ளும் எண். கணக்கு எளிதாகும் என்பதற்காகச் செய்வது.

"அது மாறும் மேடம். தண்ணி குடிக்கலைன்னா பசை மாதிரி ஆயிடும், அப்புறம் மேல வரவே வராது. அதுவும் போக, நீங்க நாற்காலியில உக்காரும்போதே வைரஸ் கீழ போயிருக்கும். திருடன் உள்ள வந்தப்புறம் வாசல்ல காவல் இருந்திருக்கீங்க."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இவ்வளவு செலவு செய்து தெரிந்துகொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கல்லூரிக் காப்பீடு இருந்ததால் தப்பித்தேன்.

மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையில் இன்ஃபுளுயன்சா என்று வந்தது. சாதாரண ஃபுளூதான், ஆனால் இரண்டு நுரையீரலிலும் இறங்கியிருந்தது. சி.டி. ஸ்கேன் படத்தில் நுரையீரல் கறுப்பாகத் தெரிய வேண்டும், கறுப்பென்றால் காற்று. என் படத்தில் தேய்த்த கண்ணாடிபோல வெண்புகை படர்ந்திருந்தது. அந்த இடங்களில் காற்று இருக்க வேண்டிய அறைகளில் நீர் கோத்திருக்கிறது என்று பொருள். நான் வரைந்த படங்களைப் போல அதில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. என்னுடைய மாதிரித் தொண்டைகளுக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது, அவை இருமாது, பயப்படாது. இந்தப் படத்துக்கு ஒரு சொந்தக்காரி இருந்தாள். அவள் இருமினாள், பயந்தாள்.

தொற்று என்பதால் தனியறை. கூட யாரும் இருக்க அனுமதி இல்லை. விரலில் ஒரு கிளிப், அதன் எண் மானிட்டரில் பச்சையாக ஓடும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்பதன் அளவு அது. மூக்கில் ஒரு பைப் வழியாகச் சூடான ஈரக்காற்று ஆக்சிஜனோடு வேகமாக வந்துகொண்டே இருந்தது. அதன் இரைச்சலில், அறைக்குள் வருபவர்கள் சொல்வது பாதி காதில் விழாது. வருபவர்களும் அதிகமில்லை. நர்ஸ் சிஸ்டர் அனிதா தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வருவார், ஊசி போடுவார், எண்ணைப் பார்ப்பார், போவார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல் சில காகங்களும் தெரிந்தன. தாம்பரம் மின்சார ரயில்களின் ஹாரன் மட்டும் கேட்கும். அத்தனை பேர் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுதால் எண் இறங்கியது. அதனால் அதையும் நிறுத்தினேன்.

தனியாக இருப்பது எனக்குப் புதிதில்லை. வீட்டில் இருக்கும்போது அது என் விருப்பம், கதவு என் கையில். இங்கே கதவு வேறு யார் கையிலோ இருந்தது. யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. பேசக்கூட வேண்டாம்.

அண்ணி முதல் நாளே வந்துவிட்டார் என்பதை சிஸ்டர் அனிதா கொண்டுவந்த ஒரு பையிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆரஞ்சோ ஹார்லிக்ஸோ இல்லை. நீளமான போன் சார்ஜர் வயர். பிளக் பாயிண்ட் கட்டிலிலிருந்து எட்டாது, எந்த ஆஸ்பத்திரியிலும் எட்டாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைச் செருகியதும் போன் வந்தது.

"வெளிய காரிடார்ல கீறேன். உள்ள உட மாட்டன்றாங்க."

"வீட்டுக்குப் போங்க அண்ணி. கடைக்கு லீவு போட வேணாம்."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ பேசாத, மூச்சு வாங்குது. போனை கட் பண்ணாத, அப்டியே ஓடினு கெடக்கட்டும். பக்கத்துல வச்சுக்கோ."

வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தினமும் அவர் வந்ததும் போன் வரும், போகும்வரை ஓடும். நாங்கள் பேசியது மிகக் குறைவு. லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம், யாரோ யாரையோ திட்டுவது, கேன்டீன் பையன் டீ டீ என்று போவது, அண்ணி பக்கத்திலிருப்பவரிடம் "இன்னாங்க, உங்களுக்கு யாரு உள்ள?" என்று விசாரிப்பது எல்லாம் தலையணையிலிருந்து கேட்கும். அவர் வீட்டுக்குப் போன பிறகு இருந்த நேரம்தான் கொடுமை. சிஸ்டர்களின் நடையை வைத்து யார் வருகிறார் என்று கண்டுபிடிக்கப் பழகினேன். வருபவர் பக்கத்து அறைக்குப் போய்விட்டால் மனசு விட்டுப்போகும்.

பச்சை எண் மெல்ல மெல்ல இறங்கியது. ஆக்சிஜனைக் கூட்டினார்கள், கொஞ்சம் ஏறியது, மறுபடி இறங்கியது. ஒரு மத்தியானம் டாக்டர் கார்த்திக் வந்து என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"மேடம், இதுக்கு மேல இறங்கினா தொண்டை வழியா குழாய் போட்டு மெஷின்ல மூச்சு விட வைக்கணும். மருந்து கொடுத்துத் தூங்க வெச்சுடுவோம். பேச முடியாது. அது ஒரு வழி. இன்னொன்னு, குழாய் இல்லாம இப்பிடியே சமாளிச்சுப் பாக்கறது. ரெண்டுலயும் ரிஸ்க் இருக்கு. உங்க விருப்பம் என்ன?"

"எவ்வளவு வாய்ப்பு?" என்றேன். வேறென்ன கேட்பேன்? வாழ்நாள் முழுக்க அதைத்தான் கேட்டிருக்கிறேன்.

"நம்பர் கேக்காதீங்க மேடம். ஆயிரம் பேருக்குன்னா சொல்லலாம். உங்க ஒருத்தருக்கு என்னால சொல்ல முடியாது."

நான் கூரையைப் பார்த்தேன். என் தொண்டையைப் பற்றிய முடிவு. உலகத்திலேயே தொண்டையைப் பற்றி அதிகம் யோசித்தவர்களில் நானும் ஒருத்தி. ஒன்றும் தோன்றவில்லை. போட்டால் கண் விழிப்பேனா என்ற பயம், போடாவிட்டால் மூழ்குவதுபோலத் திணறிச் சாவேனா என்ற பயம், இரண்டும் ஒரே கனமாக இருந்தன. இத்தனை வருஷமாக எந்த வீடு வாங்குவது, எந்த வேலைக்குப் போவது, யாரைக் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருப்பது என்று எல்லாம் நானே முடிவு செய்தவள். அன்றைக்கு முடியவில்லை. அலுத்துவிட்டது.

"வெளியே என் அண்ணி இருக்காங்க. அவங்களைக் கேளுங்க. அவங்க சொல்றதுதான். என்னைத் திரும்பக் கேக்காதீங்க" என்றேன். சிஸ்டர் அனிதா ஒரு தாளைப் பிடிக்க, அதிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோணலாக வந்தது.

டாக்டர் வெளியே போனார். கொஞ்ச நேரம் தலையணை போனிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு காரிடாரின் இரைச்சல் மறுபடி கேட்டது. அண்ணி "தூங்கு பியூலா" என்று மட்டும் சொன்னார். நானும் கேட்கவில்லை. சரி என்றுதான் சொல்லியிருப்பார், எந்த நேரமும் மயக்க மருந்தோடு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் வந்தவர்கள் என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். முதுகுப் பக்கத்து நுரையீரல் நன்றாக விரிய அது உதவும். மார்புக்கும் இடுப்புக்கும் கீழே தலையணை, முகம் ஒரு பக்கம். வழக்கமாகக் கொஞ்ச நேரத்துக்குத்தான் அப்படிப் படுக்கச் சொல்வார்களாம், என்னை மறுநாள் மத்தியானம் வரைக்கும், சாப்பிடும் நேரம் தவிர, அப்படியே வைத்திருந்தார்கள். என் மாதிரியில் குப்புறப் படுத்த ஆள் கிடையவே கிடையாது. எந்தத் தொண்டையையும் நான் அப்படித் திருப்பிப் பார்த்ததில்லை. கழுத்து ஒடிவதுபோல வலித்தது, எச்சில் தலையணையில் ஒழுகியது, வெட்கமாக இருந்தது. எண் இறங்கவில்லை. ஏறவும் இல்லை. அப்படியே நின்றது. அதற்கடுத்த நாள் ஒரு புள்ளி ஏறியது. சிஸ்டர் அனிதா அதைப் பார்த்துவிட்டு கையுறை போட்ட கையால் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு என்னை யாரோ காரணமில்லாமல் தொட்டது அதுதான்.

அதன்பிறகு மேலே வருவது மெதுவாக நடந்தது. சளி வர ஆரம்பித்தது, கெட்டியாக, அருவருப்பாக. டாக்டர் கார்த்திக் அதைப் பார்த்து ஏதோ பரிசு கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார். மூக்குப் பைப்பைக் குறைத்தார்கள், எடுத்தார்கள். மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து மூச்சை இழுக்கச் சொன்னார்கள், ஒரு பந்து மட்டும் சோம்பலாக எழுந்தது. வீட்டுக்கு அனுப்பியபோது கதவுக்கு வெளியே அண்ணி நின்றார். இத்தனை நாள் காதில் மட்டும் இருந்தவரை அப்போதுதான் நேரில் பார்த்தேன். "இளைச்சிட்ட" என்றார். ஆட்டோவில் ஏறிக்கொண்டோம்.

செம்பாக்கம் வீட்டில் என்னோடு தங்கினார். பகலில் என் சமையலறையைத் தன் வசதிக்கு மாற்றி வைப்பார், எதையும் எடுத்த இடத்தில் வைக்க மாட்டார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது. ஒரு மத்தியானம் கரண்ட் இல்லை. பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அந்த மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப என்ன அண்ணி சொன்னீங்க?"

"வாணாம்னு சொன்னேன்."

சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன்.

"குழாய் வேணாம்னா?"

"ஆமா. போனை மியூட்ல போட்டுட்டு சொன்னேன். அவர் பேஜாராயிட்டார். நல்லா யோசிங்கம்மா, உயிர் போயிடலாம்னார். யோசிச்சுட்டேன்னேன். அப்ப குப்புற போட்டுப் பாக்கலாம், காலைல திரும்பக் கேப்பேன்னு போனார். காலைலயும் வாணாம்னேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் உயிரை இவர் கையில் கொடுத்தேன். இவர் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைக் காற்றில் விட்டிருக்கிறார். எண் இறங்காமல் நின்றதால் பிழைத்தேன். நிற்காமல் போயிருந்தால்?

"நான் செத்திருந்தா?" என்றேன்.

வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"உங்க அண்ணனுக்கு குழாய் போடறப்பவும் என்னைத்தான் கேட்டாங்க. சரி போடுங்கன்னேன். அப்ப போன்ல என்னாண்ட பேசினு கீறாரு. லூர்து, ஒண்ணு சொல்லணும்னாரு. அதுக்குள்ள எடுத்துனு போயிட்டாங்க. தூங்க வச்சுட்டாங்க. அப்புறம் எழுந்துக்கல." கையைப் புடவையில் துடைத்தார். "இன்னா சொல்ல வந்தாருன்னு இன்னும் தெரியாது பியூலா. வூட்டு விஷயமா, சும்மா சாப்டியான்னு கேக்க வந்தாரா, ஒண்ணும் தெரியாது. தெனம் யோசிக்கறேன். நீ செத்திருந்தா பேசினே செத்திருப்ப. நான் கேட்டுனு இருந்திருப்பேன். அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சுது. தப்புனா தப்புதான்."

அண்ணன் இறந்தது எனக்கு ஒரு சமன்பாடாகத்தான் இருந்திருக்கிறது. எங்கே தேங்கியது, எப்படி இறங்கியது என்று வருஷக்கணக்காக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனகாபுத்தூரில் ஒருத்தி முடியாத ஒரு வாக்கியத்தோடு அத்தனை வருஷமும் உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அவர் சொன்ன முடிவு மருத்துவப்படி சரியா என்று டாக்டர் கார்த்திக்கிடம் கேட்கலாம். கேட்கப்போவதில்லை. என் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னாலும் பொய். ஆனால் கூட ஒருவர் இருந்தால் போதும் என்று அந்த அறையில் நான் ஏங்கிக்கொண்டிருந்ததைத்தான், நான் சொல்லாமலேயே, இவர் எனக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

"இன்னொரு தடவை எனக்கு இப்படி வந்தாலும், உங்க பேரைத்தான் கொடுப்பேன் அண்ணி" என்றேன்.

அவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"குடு," என்றார். "ஆனா இன்னா சொல்வேன்னு இப்பவே கேக்காத."